மெக்கானிக்கல் பிளாக்கில் மனநலம்

அன்புள்ள தாளாளர் அண்ணாச்சிக்கு,

மெக்கானிக்கல் பிளாக் மூன்று மாடியும் பூட்டிக் கிடக்கிறது, கரண்ட் பில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது என்று போனில் புலம்பினீர்கள். சிவிலுக்கு ஏற்கெனவே பால் ஊற்றியாயிற்று. ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் என்று பெயரை மாற்றிப் பார்த்தீர்கள்; பக்கத்து ஊர்க்காரர் அதே பெயரை உங்களுக்கு முன்பே ஃபிளெக்ஸில் அடித்துவிட்டார். "எந்தக் கோர்ஸ் போட்டா பிள்ளைய வரும்? யோசிச்சுச் சொல்லுடே" என்றீர்கள். யோசித்துவிட்டேன். எம்.எஸ்ஸி. கவுன்சிலிங் சைக்காலஜி. மனநல ஆலோசகர் ஆவதற்கான படிப்பு. லேத் மெஷின்களைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். இடம் தயார்.

சரக்குக்குக் கிராக்கி உண்டா என்பதுதானே உங்கள் முதல் கேள்வி? இதற்கு அரசாங்கமே மார்க்கெட் சர்வே எடுத்துக் கொடுத்திருக்கிறது. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலமும் உண்டு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல். நோயைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை. 2022ஆம் வருடத்துக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் நாடு முழுக்கத் தற்கொலைகள் 1,70,924. தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நாட்டில் இறந்தவர்களில் மாணவர்கள் 13,044. மற்றவர்களுக்கு இதைப் படித்தால் சோறு இறங்காது. நீங்கள் படித்தால் "ஏ, நல்ல டிமாண்டு இருக்கும் போலயே" என்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்தது அனுமதி. நர்சிங் காலேஜ் என்றால் படுக்கை எண்ணுவார்கள். பி.எட். என்றால் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்பார்கள். இதில் அந்தத் தலைவலி இல்லை. 1992ஆம் வருடச் சட்டத்தில் வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும்; அதற்கான எம்.ஃபில். படிப்பை இரண்டு வருடம் முழுநேரமாக, நோயாளிகள் இருக்கும் இடத்தில் வைத்து நடத்தச் சொல்லி வந்தது. நம் கோர்ஸ் அதன் வேலிக்கு வெளியே. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் புரட்டுங்கள். மனநல வல்லுநர் என்றால் யார் யார் என்று எழுதியிருக்கிறார்கள். சைக்யாட்ரிஸ்ட் உண்டு. மருத்துவ உளவியலாளர், மனநல நர்ஸ், மனநலச் சமூகப்பணியாளர் உண்டு. ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானியில் மனநலம் சார்ந்த மேற்படிப்பு முடித்தவர்கள் உண்டு. சித்தாவில் சிறப்பு மருத்துவம் முடித்தவருக்கும் பெயர் சொல்லி இடம் கொடுத்திருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கிற ஆலோசகரை மட்டும் தேடிப் பாருங்கள், அகப்பட மாட்டார். பட்டியலிலேயே இல்லாத ஆளை எந்த அதிகாரி வந்து தடுக்கப் போகிறார்?

2021இல் துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, அதன் அட்டவணையில் உளவியலாளர், ஆலோசகர் எல்லாம் இருக்கிறார்கள் என்று உங்கள் வக்கீல் பயமுறுத்துவார். பயப்படாதீர்கள். மாநிலங்களில் கவுன்சில் அமைக்கச் சொல்லியே 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு வைக்க வேண்டியிருந்தது. இந்த வேகத்துக்கு நாம் நாலைந்து பேட்சை வெளியே அனுப்பிவிடலாம். இன்னொரு நல்ல செய்தி: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. அத்தனை வருடமாக மனநல நிபுணர்கள் தபாலில் தயாராகிக்கொண்டிருந்தது டெல்லிக்கு அதுவரை உறுத்தவில்லை. போகட்டும், தபாலில் படிக்க இருந்தவர்கள் இனி நேரில் வந்தாக வேண்டும். உங்களிடம் பஸ் இருக்கிறது. இதே யு.ஜி.சி. 2023 டிசம்பரில் எம்.ஃபில். செல்லாது என்றது, மறு மாதமே மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை செல்லும் என்றது. அந்த இரண்டு அறிவிப்புக்கும் நடுவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மனநலத்தை யாரும் அளக்கவில்லை. அதற்கு டெஸ்ட் வரவில்லை போலிருக்கிறது.

டெஸ்ட் என்றதும் லேப் ஞாபகம் வருகிறது. இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்தால் பொருளைத்தான் எண்ணும். முல்லர்-லயர் பலகை இரண்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு கோடு, ஒன்று நீளமாகத் தெரியும், அளந்தால் இரண்டும் சமம். 1889ஆம் வருடத்துச் சமாச்சாரம், இன்னும் உடையாமல் ஓடுகிறது. கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரம் வரைகிற கருவி ஒன்று. வழி கண்டுபிடிக்கும் பலகை ஒன்று. உளவியல் டெஸ்ட் அச்சடிக்கிற ஆக்ரா பதிப்பாளர்களிடமிருந்து கேள்வித்தாள் கட்டுகள். ஒரு செட் வாங்கினால் போதும், மீதியை நம் ஆபீஸ் ஜெராக்ஸ் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, எச்.ஓ.டி.யிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு மனுஷி உட்கார்ந்து, அடுத்த ரூமுக்குக் கேட்காமல் அழுவதற்கு இடம் உண்டா என்று கமிட்டி கேட்காது. தப்பித்தவறிக் கேட்டால் காட்ட ஒரு ரூம் இருக்கட்டும்: ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. பெட்டியைப் பிரிக்க வேண்டாம், அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ஆகும்.

பாடம் நடத்த ஆள் தேடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆலோசனை அறையில் கிளையன்ட்டுக்கு எதிரே பத்துப் பதினைந்து வருடம் உட்கார்ந்தவர் வேண்டாம். அவர் கேள்வி கேட்பார், சம்பளமும் கேட்பார். நெட் பாஸ் செய்தவர், பி.எச்டி. முடித்தவர், கிளையன்ட் என்ற ஜீவராசியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர் கிடைப்பார். கார்ல் ராஜர்ஸ் என்று ஒரு அமெரிக்கர். ஒரு மனிதர் உள்ளே மாற வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். வருகிறவரை நிபந்தனை போடாமல் மதிக்க வேண்டும், அவர் இடத்திலிருந்து உணர வேண்டும், வேஷம் போடக் கூடாது என்றார். உலகம் முழுக்க இந்தத் தொழில் அதன்மேல்தான் நிற்கிறது. நம் மேடம் அதை நடத்துவது எப்படி என்றால், உட்கார்ந்து நோட்ஸ் சொல்வார். "அன்கண்டிஷனல் பாசிட்டிவ் ரிகார்ட். அண்டர்லைன் பண்ணிக்கோங்க, பத்து மார்க்." கடைசி பெஞ்சில் ஒரு பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்திருப்பாள். "ஏய், எந்திரி! தூங்குறதுக்குத்தான் ஃபீஸ் கட்டுனாங்களா உங்க வீட்ல? வெளிய போய் நில்லு." அவள் போய் வராந்தாவில் நிற்பாள். "ம், அடுத்த ஹெட்டிங். எம்பதி."

பிராக்டிகல் உண்டா என்று பெற்றோர் கேட்டால், உண்டு என்று தைரியமாகச் சொல்லுங்கள். பத்து கேஸ் ஹிஸ்டரி எழுதி ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும். எக்ஸ்டர்னல் வருவதற்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் எட்டிப் பாருங்கள். தரையில் நோட்டுகளை விரித்துப் போட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும். சீனியர் கொடுத்த நோட்டு நடுவில். கேஸ் நம்பர் ஏழு: 34 வயது இல்லத்தரசி, மூன்று மாதமாகத் தூக்கமில்லை, மாமியாருடன் மனஸ்தாபம். ஆறு செஷன். ஆறாவது செஷனில் முகம் மலர்கிறது, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். அந்த அம்மா பேட்ச் பேட்சாக இதே வேலையாக இருக்கிறார். ஒவ்வொரு ஏப்ரலிலும் குணமாகிவிடுவார், ஜூலையில் திரும்பவும் தூக்கம் போய்விடும். வயது மட்டும் 34ஐத் தாண்டாது. மாமியாரும் சாக மாட்டார். நம் ஊரில் ரெக்கார்டு நோட்டுகளில் குணமானவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கீழ்ப்பாக்கத்தையே மூடிவிடலாம். மறுநாள் எக்ஸ்டர்னல் பக்கத்தைப் புரட்டுவார், "இந்த லேடிக்கு என்ன தெரபி குடுத்தீங்க?" என்பார், "சி.பி.டி. சார்" என்று பதில் வரும், மதியம் பிரியாணி வரும்.

இன்டர்ன்ஷிப் அதைவிடச் சுலபம். ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறவனுக்கு ஆஸ்பத்திரி சம்பளம் தரும் என்பது பழைய உலக நியாயம். இந்தத் தொழிலில் பழகுகிறவன் காசு கட்டுவான். பதினைந்து நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப், கேமராவை அணைத்துவிட்டுப் படுத்தபடியே கேட்கலாம், முடிவில் தங்க நிற பார்டர் போட்ட சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நீங்களே ஒரு சென்டர் திறந்து இன்டர்ன்ஷிப்புக்குத் தனி ஃபீஸ் போடலாம். ஃபீஸ் ரசீதில் 'ஸ்கில் டெவலப்மென்ட்' என்று எழுதுங்கள், ஆடிட்டர் சந்தோஷப்படுவார்.

இப்போது ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதே பிளாக்கில் நீங்கள் லேத் சொல்லிக் கொடுத்த காலத்தில் பையன் பக்கத்திலேயே இன்ஸ்ட்ரக்டரை நிற்க வைத்தீர்கள். அசந்தால் விரல் போய்விடும் என்று முதல் வாரம் மெஷினை அவனிடம் தனியாக விட மாட்டார். கை வைத்தால் கையைத் தட்டிவிட்டு, திரும்பச் செய்யச் சொல்வார். மனநல ஆலோசகர் பயிற்சியின் உயிர்நாடியும் அதேதான். பழகுகிறவர் நிஜமான ஓர் ஆளோடு உட்கார வேண்டும். என்ன சொன்னார், எங்கே வாயை மூடியிருக்க வேண்டும், எங்கே கேட்காமல் விட்டார் என்று பக்கத்தில் ஒரு மூத்தவர் வாரா வாரம் பிடித்துக் காட்ட வேண்டும். சூப்பர்விஷன் என்பார்கள். அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தருகிற அமைப்பு 60 கிரெடிட் கேட்கிறது. அதற்குள் 100 மணி நேரம் பிராக்டிகம், 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப். அந்த 600இல் 240 மணி நேரம் நேரடியாக ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது மூத்தவரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் லைசென்ஸ் வேண்டுமென்றால் இன்னும் ஆயிரக்கணக்கான மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்தாக வேண்டும். அங்கேயும் காசு பிடுங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பிடுங்கிய காசுக்கு ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள்.

நமக்குக் கணக்குப் போட்டேன். 60 பிள்ளைகள், ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம், ஆக வாரம் 60 மணி நேரம். அனுபவம் உள்ள மூன்று பேரைக் கௌரவமான சம்பளத்தில் வைத்தால் முடிந்துவிடும். போன வருட ஆண்டு விழாவுக்கு நீங்கள் கூட்டி வந்த சீரியல் நடிகை, டிரோன் கேமரா, நுழைவாயில் ஆர்ச் செலவில் ஒருவரின் வருடச் சம்பளம் வந்துவிடுகிறது. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பீர்கள் என்று தெரியும். சரி, விடுங்கள். அந்த மூன்று பேரை அடித்துவிட்டேன். மீதித் திட்டம் அப்படியே நிற்கிறது.

போட்டிக்காரர்களைப் பற்றி இரண்டு வரி. மாவட்டத் தலைநகர் ஹோட்டல் ஹாலில் இரண்டு நாளில் என்.எல்.பி. மாஸ்டர் ஆக்குகிறார்கள். சனி, ஞாயிறில் ஹிப்னோதெரபிஸ்ட் ஆக்குகிறார்கள். குழந்தையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, டாக்டரா கலெக்டரா என்று கலர் பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். அறிவியல் ஆதாரம் எங்கே என்று கேட்கிற பெற்றோரை அவர்களுக்குத் தெரியாது. அவர்களோடு சண்டை வேண்டாம், உங்கள் புரோஷரில் 'வேல்யூ ஆடட் கோர்ஸ்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைக்கும் அவர்கள் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வருடமும் இரண்டு லட்சமும்தான் என்று யாராவது கண்டுபிடிக்கும்வரை கவலையில்லை.

யார் சேர்வார்கள்? இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பணக்காரப் பிள்ளைகள் வர மாட்டார்கள். அம்மா பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் வருவாள். அண்ணனைப் பறிகொடுத்த தம்பி வருவான். பிளஸ் டூவில் தனக்கே ஒரு கெட்ட வருடம் வந்து, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் தானே மென்று விழுங்கி எழுந்தவள் வருவாள். இன்னொருத்திக்கு இந்தக் கதி வரக் கூடாது என்று வருவார்கள். இன்டர்வியூவில் "ஏம்மா இந்தக் கோர்ஸ்?" என்று கேட்டால் கண் கலங்கிவிடும். அப்போதே அட்மிஷன் ஃபாரத்தை நீட்டிவிடுங்கள். கண் கலங்குகிறவர்கள் ஃபீஸில் பேரம் பேச மாட்டார்கள். பயிற்சியில் இருப்பவர் தன் காயத்தைத் தானும் ஒருவரிடம் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சில நாடுகளில் கட்டாயமே உண்டு. நம் கேம்பஸில் அவள் யாரிடம் போவாள்? அந்த மேடத்திடமா? உங்களிடமா? கும்பிட்டுக்கொண்டு உள்ளே வருகிறவளின் துக்கத்தை அளந்து பார்த்து விலை போடுகிற இந்தச் சாமர்த்தியம், அண்ணாச்சி, கந்துவட்டிக்காரனுக்குக்கூட வராது. அவனுக்காவது கொடுத்த காசு திரும்ப வர வேண்டும் என்ற கவலை உண்டு.

சிலபஸ் பெரிய விஷயமில்லை. நாலு பல்கலைக்கழகத்தின் பழைய சிலபஸை ஒட்டிக்கொள்ளலாம். ரோல் பிளே எல்லாம் இங்கிலீஷில் நடக்கட்டும், போட்டோவுக்கு நன்றாக வரும். நாளைக்கு அவர்கள் எதிரே வந்து உட்காருகிற பெண் "நெஞ்சுக்குள்ள ஏதோ பெசையுது, ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது" என்பாள். அதற்கு என்ன கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று அவர்கள் தமிழில் ஒருநாளும் பழகியிருக்க மாட்டார்கள். சாதியைப் பாடத்தில் எங்கும் விடாதீர்கள். வெளியே அது இல்லாத வீடு இல்லை, அதனால் படிப்பில் வேண்டாம். காதலித்த குற்றத்துக்காக ஒரு பிள்ளையை ஆலோசகரிடம் இழுத்து வருவார்கள். ஆலோசகர் முதலில் "உங்களுக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொள்வார். பிறகு "அப்பா அம்மா நம்ம நல்லதுக்குத்தான்மா சொல்லுவாங்க" என்பார். அதற்குப் பெயர் குடும்ப ஆலோசனை. அடித்த புருஷனிடம் திரும்ப அனுப்பி வைப்பதற்கும் அதே பெயர்தான். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டம்மா அதைப் படிக்காமலே செய்கிறார்.

வேலைவாய்ப்பு 100 சதவீதம் என்று புரோஷரில் போடலாம். உங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறதே! ஒருத்தியை மாதம் 14,000 சம்பளத்தில் அங்கே எடுத்துவிடுங்கள். டீச்சர் வராத பீரியடில் உட்காரட்டும், அட்மிஷன் சீசனில் பெற்றோருக்குப் போன் போடட்டும், ஆண்டு விழா டான்ஸுக்கு உடுப்பு எடுத்து வரட்டும். நடுவில் நேரம் கிடைத்தால் ஆலோசனையும் சொல்லட்டும். விளையாட்டுச் சாமான் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுங்கள், கதவின் மேல்பாதி கண்ணாடியாக இருக்கட்டும், பிரின்சிபால் பார்வையில் எல்லாம் இருக்க வேண்டுமல்லவா.

அந்த அறைக்கு ஒருநாள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வரும். வெயில் காலத்தில் ஸ்வெட்டர், கை விரல்வரை இழுத்துவிட்டிருக்கும். "மிஸ், யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?" என்று கேட்கும். "சொல்ல மாட்டேன்மா" என்பாள் நம் பட்டதாரி. எதைச் சொல்லாமல் காப்பாற்ற முடியும், உயிருக்கு ஆபத்து என்றால் எதைச் சொல்லியாக வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும் என்பது யாராவது பக்கத்தில் இருந்து பழக்கியிருந்தால் கைவந்திருக்கும். பிள்ளை ஸ்வெட்டரை மேலே தள்ளிக் காட்டும். மிஸ்ஸுக்குத் தொண்டை அடைக்கும். இது பரீட்சையில் வந்த கேள்விதான், பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவள்தான். சாகணும்னு தோணுதாம்மா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்டால் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது இந்தத் துறையில் பழகிய எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்குப் பயம். கேட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று. கேட்கவில்லை. ஒரு ஏ4 தாளை எடுத்து நீட்டினாள்: "உன்கிட்ட இருக்கற நல்ல குணம் அஞ்சு எழுதுமா." பிள்ளை இரண்டு எழுதியது. பெல் அடித்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்திருந்த பிரின்சிபால் மதியம் கூப்பிட்டுக் கேட்டார். சொல்லிவிட்டாள். 14,000 ரூபாய்க்காரி பிரின்சிபாலிடம் எதை மறைப்பாள்? நாலு மணிக்கு அம்மாவை வரவழைத்தார்கள். ஆபீஸ் ரூமில், கிளார்க் முன்னால், பியூன் முன்னால், "மானத்த வாங்கிட்டியேடி" என்று கன்னத்தில் ஓர் அறை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடமும் எதையும் காட்டாது. அன்று ராத்திரி நம் பட்டதாரிக்கும் தூக்கமில்லை. எங்கே தவறினேன் என்று கேட்க அவளுக்கு ஒரு போன் நம்பர் இல்லை. அந்த நம்பரைத்தான் அண்ணாச்சி, நாம் பட்ஜெட்டில் அடித்தோம்.

இந்த ஊரில் இதை ஒழுங்காகச் செய்தவர்களே கிடையாதா என்று யாராவது இளநிலைப் பேராசிரியர் மீட்டிங்கில் எழுந்து கேட்கக்கூடும். உண்டு, அதனால்தான் அவர்களைக் கூப்பிடக் கூடாது. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா இருக்கிறது. அங்கே போன் எடுப்பவர்கள் தொண்டர்கள். பட்டம் கேட்பதில்லை, ஆனால் பயிற்சி முடியாமல் போனைத் தொடவிட மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னால் ஒருமுறை, முடிவு வந்த பின்னால் ஒருமுறை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று அங்கே விதியே உண்டு. வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணிடம், லாரி டிரைவரிடம், தாலி கட்டிப் பத்து நாள் ஆனவளிடம் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறவரை கூட இருந்தவர்கள் அந்த ஆலோசகர்கள். இதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு அமைந்ததில்லை என்பது என் கட்சி. அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை, வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். தலை நரைத்தும் தற்காலிகம். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவர்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நெட் பாஸ் செய்யவில்லை, பி.எச்டி. இல்லை, கமிட்டி ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கும் நிம்மதி.

கடைசியாக, உங்களுக்குத் திட்டத்தில் நம்பிக்கை வருவதற்காக ஒரு தீர்ப்பு. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட்டுக்குப் படித்தபோது இறந்துபோன 17 வயது மாணவியின் வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், மனநலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, நாடு முழுக்கக் கல்வி நிலையங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளைப் போட்டது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு நிறுவனமும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற, தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப்பணியாளரையோ ஒருவரையாவது நியமிக்க வேண்டும். நெஞ்சில் ஈரத்தோடு எழுதிய தீர்ப்பு. உங்களுக்கு வேண்டியது அதில் உள்ள இரண்டு சொல். 'தகுதியுள்ள': தகுதிச் சான்றிதழை அச்சடிப்பதே நாம்தான். 'ஒருவராவது': உங்கள் கேம்பஸில் 4,000 பேர் இருந்தாலும் ஒருத்தி போதும் என்று உங்கள் வக்கீல் வாசித்துக் காட்டுவார். நாடு முழுக்க எத்தனை கல்லூரி, எத்தனை பள்ளி, எத்தனை கோச்சிங் சென்டர்! ஒவ்வொன்றுக்கும் கதவில் மாட்ட ஒரு பெயர்ப்பலகை, பலகைக்குப் பின்னால் ஒரு பட்டதாரி. பத்து வருடத்துக்கு நம் பேட்ச் காலியாகாது.

அந்த ஒருத்தி உங்களுக்கு வேறு விதத்திலும் உதவுவாள். உங்கள் ஹாஸ்டலிலும் ஒருநாள் ஒரு பிள்ளை போய்விட்டால், முதல் நாள் வழக்கம்போல "குடும்பப் பிரச்சினை" என்று நிருபர்களிடம் சொல்லிவிடலாம். பெற்றோர் வாசலில் உட்கார, நீங்கள் விடுமுறை விட்டு, பேருந்தை நிறுத்தி, கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வருகிறபோது அது போதாது. அப்போது "ஆலோசகர் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தோம், அவர்தான் கவனிக்கத் தவறிவிட்டார்" என்று அறிக்கை விட்டு, அன்று சாயங்காலமே அவளை சஸ்பெண்ட் செய்துவிடலாம். பேட்டி கொடுக்க அவளுக்குத் தெரியாது, சங்கம் கிடையாது, பதிவு எண்கூடக் கிடையாது. அவளுடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திட்ட ஆலோசகர்